எம்.எஸ்.: மூளையின் வேகம் குறைகிறதா என்று எப்படி அளக்கிறார்கள்?

மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., உள்ளவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் மூன்று பேச்சுகள் அடிக்கடி அடிபடும். "மெமரி டெஸ்ட்டில் முப்பதுக்கு முப்பது, அதனால் மூளைக்கு ஒன்றும் இல்லை." "போன வருஷம் 54, இந்த வருஷம் 51, மருந்து வேலை செய்யவில்லை." "ஸ்கோர் ஏறியிருக்கிறது, சரியாகிக்கொண்டு வருகிறது." மூன்றுமே தவறாகிப்போக நிறைய வாய்ப்பு உண்டு. தேர்வில் வாங்கிய எண் ஒன்று. அந்த எண் முன்பைவிட நிஜமாகவே மாறியிருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. மாறியிருந்தால் அதற்குக் காரணம் நோய்தானா என்பது மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வீண் பயமும் வீண் நிம்மதியும் வருகின்றன.

எம்.எஸ்.ஸில் முதலில் அடிபடுவது எது

மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் ஓடும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. மின்சமிக்ஞை வேகமாகப் பாய அதுதான் காரணம். எம்.எஸ். நோயில் உடலின் சொந்த எதிர்ப்பு சக்தியே இந்த உறையைத் தாக்கி அரிக்கிறது. உறை போன இடத்தில் சமிக்ஞை தாமதமாகிறது, சில சமயம் நின்றே போகிறது. ஆண்டுகள் போகப் போக இழைகளே அழிந்து, மூளையின் கன அளவும் குறைகிறது.

கவனிப்பது, வந்த தகவலைக் கையாள்வது, நினைவில் வைப்பது, திட்டமிடுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து அறிதிறன் என்று பெயர். எம்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழ 40 முதல் 65 சதவீதம் பேருக்கு இதில் ஏதாவது ஒரு குறை ஏற்படுகிறது. பெரும்பாலும் முதலில் குறைவது வேகம். அதற்கு அடுத்தது, புதிதாக ஒன்றைக் கற்று நினைவில் வைக்கும் திறன். பேச்சு, பொது அறிவு, பழைய நினைவுகள் பொதுவாகத் தப்பித்துவிடும். அதனால்தான் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை. விடை அவருக்குத் தெரியும், சொல்ல முன்பைவிட நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினாலோ, கணக்குப் பார்க்கும்போது போன் அடித்தாலோ மட்டும் சட்டென்று தடுமாறுவார்.

பிரெஞ்சு மருத்துவர் சார்கோ 1868லேயே இந்த நோயாளிகளின் நினைவாற்றல் தளர்வதை எழுதி வைத்துவிட்டார். ஆனால் அதை முறையாக அளக்கத் தொடங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. எம்.எஸ். எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கு மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் அளவுகோல், ஜான் கர்ட்ஸ்கி 1983ல் வெளியிட்ட இ.டி.எஸ்.எஸ். அது 0 முதல் 10 வரை போகும். அதில் 4ஐத் தாண்டினால் எண்ணைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதுதான். நன்றாக நடக்கிற ஒருவர் வேலையில் திணறிக்கொண்டிருந்தால் இந்த அளவுகோலில் அது சரியாகப் பதிவாகாது.

அந்த முப்பதுக்கு முப்பது விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். எம்.எம்.எஸ்.இ. என்ற அந்தத் தேர்வு 1975ல் வந்தது. இன்று என்ன தேதி, இது எந்த ஊர், மூன்று சொற்களைத் திருப்பிச் சொல்லுங்கள் என்கிற பாணியில் போகும். முதியோரின் மறதி நோயைக் கண்டுபிடிக்க உருவானது. கடிகாரம் வைத்து வேகத்தைப் பார்ப்பது அதில் கிடையாது. வேகம் மட்டும் குறைந்திருக்கும் 35 வயதுக்காரர் அதில் 29 அல்லது 30 வாங்கிவிடுவார். வாங்காவிட்டால்தான் ஆச்சரியம்.

இதுவரை: எம்.எஸ். முதலில் தொடுவது வேகத்தை. வேகத்தை அளக்காத தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

90 விநாடி, ஒன்பது குறிகள்

இன்று உலகெங்கும் எம்.எஸ். கிளினிக்குகளில் அதிகம் பயன்படுவது எஸ்.டி.எம்.டி. ஆரோன் ஸ்மித் என்ற உளவியலாளர் 1973ல் வெளியிட்டது. ஒரே ஒரு தாள். மேல் வரிசையில் ஒன்பது வடிவக் குறிகள், ஒவ்வொன்றின் கீழும் 1 முதல் 9 வரை ஒரு எண். அதன் கீழே அதே குறிகள் மாறி மாறி வரிசை வரிசையாக இருக்கும், எண் இருக்காது. மேலே பார்த்து, இந்தக் குறிக்கு எந்த எண் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். முதல் பத்து பழகுவதற்கு. பிறகு 90 விநாடி. சரியாகச் சொன்னவற்றின் எண்ணிக்கைதான் மதிப்பெண். அதிகபட்சம் 110.

எழுதியும் செய்யலாம், வாயால் சொல்லியும் செய்யலாம். எம்.எஸ். உள்ளவர்களுக்கு வாயால் சொல்லும் முறையையே எடுக்க வேண்டும். கை நடுங்குகிறவர் அல்லது விரல் மரத்துப்போனவர் எழுதினால், மூளையின் வேகத்துக்குப் பதில் கையின் வேகத்தை அளந்ததாகிவிடும்.

பார்க்க எளிதாக இருப்பதால் நடத்துகிறவர்கள் அசட்டையாக நடத்திவிடுவது உண்டு. முதலில் ஒரே குறியை எல்லாம் தேடித் தேடிச் சொல்வது கூடாது, வரிசையாகத்தான் போக வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டால் சிலர் தாவித் தாவிப் போவார்கள். "இன்னும் வேகமா" என்று இந்த முறை ஊக்கப்படுத்திவிட்டு அடுத்த முறை சும்மா இருந்தால் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது. படிக்கும் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவரை அப்படியே உட்கார வைத்தால் வீண். எண்களை இந்த முறை தமிழிலும் அடுத்த முறை ஆங்கிலத்திலும் சொன்னால் அதுவும் கணக்கைக் கெடுக்கும். 90 விநாடிக்குள் ஐம்பது எண்கள் சொல்லும்போது ஒவ்வொரு எண்ணிலும் கூடும் கால் விநாடி சேர்ந்து பல விடைகளை விழுங்கிவிடும். ஏதாவது ஒரு மொழி, கடைசி வரை அதே மொழி.

இந்த ஒரு தேர்வு போதுமா என்றால், வேகத்துக்குப் போதும், நினைவுக்குப் போதாது. அதனால் 2012ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு பைகாம்ஸ் என்ற தொகுப்பைப் பரிந்துரைத்தது. எஸ்.டி.எம்.டி.யோடு, 16 சொற்களை ஐந்து முறை கேட்டு ஒவ்வொரு முறையும் நினைவிருப்பதைச் சொல்லும் தேர்வும், ஆறு வடிவங்கள் உள்ள தாளை 10 விநாடி பார்த்துவிட்டு நினைவிலிருந்து வரையும் தேர்வும் (இது மூன்று முறை) சேரும். மொத்தம் கால் மணி நேரம். சொற்பட்டியலை வேறு மொழியிலிருந்து அப்படியே பெயர்த்து வாசிக்கக் கூடாது. அந்தச் சொற்கள் நம் பேச்சில் எவ்வளவு புழங்குகின்றன என்பது மாறிவிடுவதால், நம் மொழிக்கென்று தனியாகச் சரிபார்த்த பட்டியல் வேண்டும்.

முன்பு பாசாட் என்று ஒன்று பரவலாக இருந்தது. மூன்று விநாடிக்கு ஒரு எண் ஒலிக்கும், கடைசியாகக் கேட்ட இரண்டையும் கூட்டிச் சொல்ல வேண்டும், இப்படி 60 முறை. நோயாளிகள் அதை வெறுத்தார்கள், நியாயம்தான். இரண்டைக் கூட்டிச் சொல்லிவிட்டு அடுத்ததை விட்டுவிடும் தந்திரத்தைப் பலர் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்வார்கள். திரும்பத் திரும்பச் செய்தால் மதிப்பெண் வேறு நன்றாக ஏறிவிடும். காலப்போக்கில் வரும் மாற்றத்தைப் பார்க்க இது தோதான கருவி இல்லை.

எண் தானாகவே ஏறி இறங்கும்

பைக்கின் மைலேஜை நினைத்துப் பாருங்கள். லிட்டருக்கு 50 கொடுத்த வண்டி இந்த வாரம் 47 கொடுத்தால் உடனே இன்ஜினைப் பிரிக்க மாட்டோம். டயரில் காற்று குறைந்திருக்கலாம், பின்னால் ஆள் ஏறியிருக்கலாம், டிராஃபிக் இருந்திருக்கலாம். டேங்க் நிரப்பியதிலேயே கொஞ்சம் முன்பின் இருந்திருக்கலாம். இன்னொன்றும் நடக்கும். புது வழியில் ஒரு மாதம் ஓட்டியதும் எங்கே வேகத்தடை, எந்த சிக்னலில் நிற்க வேண்டும் என்று பழகிப்போய் மைலேஜ் கூடும். இன்ஜின் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருந்தாலும் கூடும்.

எஸ்.டி.எம்.டி.யிலும் இதுதான் நடக்கிறது. நோயில் எந்த மாற்றமும் இல்லாத ஒருவரையே ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சோதித்தாலும் அதே எண் வராது. காரணமின்றி வரும் இந்த ஏற்ற இறக்கத்துக்கு அளவீட்டுப் பிழை என்று பெயர். பிழை என்றதும் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று பொருளில்லை. எந்தக் கருவிக்கும் இப்படி ஒரு தள்ளாட்டம் உண்டு.

இரண்டாவது முறை செய்யும்போது தேர்வு பழகியிருப்பதால் மட்டுமே கூடும் மதிப்பெண்ணுக்குப் பயிற்சி விளைவு என்று பெயர். குறிகளை வேறு எண்களோடு சேர்த்த மாற்றுத் தாள்கள் இருக்கின்றன, அவை இதை ஓரளவு குறைக்கும். ஆனால் முழுதாகப் போகாது. பதற்றம் தணிந்திருக்கும், கண்ணை மேலும் கீழும் ஓட்டும் முறை கைவந்திருக்கும். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் இடையில்தான் இந்த ஏற்றம் பொதுவாக அதிகம். அதனால் கவனமாகச் செய்கிறவர்கள் தொடக்கத்திலேயே சில வார இடைவெளியில் இரண்டு முறை சோதித்துவிட்டு, இரண்டாவதை அடிப்படை அளவாக எடுத்துக்கொள்வார்கள்.

இதன் விளைவைப் பலர் யோசிப்பதில்லை. 2 புள்ளி ஏற வேண்டிய இடத்தில் எண் அப்படியே நின்றால் அது சமநிலை ஆகாது, எதிர்பார்த்ததைவிட 2 குறைவு. ஏறியிருக்கிறது என்பதாலேயே சந்தோஷப்படவும் முடியாது.

எவ்வளவு குறைந்தால் நிஜம்

தள்ளாட்டத்தைத் தாண்டிய மாற்றத்தை நம்பத்தக்க மாற்றம் என்கிறார்கள். அதைக் கணக்கிட இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, ஒரு குழுவில் மதிப்பெண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம் (பள்ளிக் கணக்கில் படித்ததேதான்). இன்னொன்று, அதே ஆட்களை மறுபடி சோதித்தால் முதல் வரிசையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற நம்பக எண். முழுதாக ஒத்துப்போனால் அது 1.

ஒரு கணக்கு போட்டே பார்க்கலாம். திட்ட விலக்கம் 11, நம்பக எண் 0.9 என்று வைத்துக்கொள்வோம். 1லிருந்து 0.9 போக 0.1. அதன் வர்க்கமூலம் 0.316. அதை 11ஆல் பெருக்கினால் சுமார் 3.5. இது ஒரு தடவை அளப்பதில் உள்ள பிழை. மாற்றம் என்றால் இரண்டு தடவை அளக்கிறோம், ஆகவே 2இன் வர்க்கமூலமான 1.41ஆல் பெருக்க, சுமார் 4.9. நூற்றுக்குத் தொண்ணூறு உறுதி வேண்டுமென்றால் 1.645ஆல் பெருக்க வேண்டும். விடை, 8 புள்ளிக்குச் சற்று மேல்.

அதாவது 0.9 என்பது நல்ல நம்பகம். அப்படிப்பட்ட தேர்விலேயே ஒரு தனி மனிதருக்கு 8 புள்ளிக்குள் வரும் ஏற்ற இறக்கத்தைத் தற்செயல் என்று ஒதுக்க வேண்டியிருக்கிறது. 54 என்பது 51 ஆனதற்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 54 என்பது 46 ஆனால், எதிர்பார்த்த 2 புள்ளிப் பயிற்சி ஏற்றத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது சரிவு 10. இதைக் கவனித்தே ஆக வேண்டும். அப்போதும் முடிவல்ல. நோய் மாறாத நூறு பேரில் ஐந்து பேர் தற்செயலாகவே இந்தக் கோட்டுக்குக் கீழே விழுவார்கள். ஆகவே இன்னொரு முறை, ஒரு சில மாதம் கழித்து, சோதித்து உறுதி செய்ய வேண்டும்.

அப்படியானால் மருத்துவ உலகில் எல்லோரும் சொல்லும் "4 புள்ளி" எங்கிருந்து வந்தது? மூன்றாண்டு காலத்தில் வேலையை இழந்த எம்.எஸ். நோயாளிகளையும் வேலையில் நீடித்தவர்களையும் ஒப்பிட்டு 2010ல் வெளியான ஆய்வு இதற்கு முக்கிய ஆதாரம். 4 புள்ளிச் சரிவு அன்றாட வாழ்க்கையோடு தொடர்புடையது என்று அது காட்டியது. தப்பில்லை. வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு எது என்பது ஒரு கேள்வி, தற்செயலிலிருந்து பிரித்தறியக் கூடிய அளவு எது என்பது வேறொரு கேள்வி. ஒன்றின் விடையை மற்றதற்குப் போட்டதுதான் சிக்கல். 4 புள்ளி குறைந்தவுடன் மருந்தை மாற்றச் சொல்வது அவசரம் என்பது என் கருத்து.

மருந்து ஆய்வுகளில் இதைவிடச் சிறிய வித்தியாசமும் செல்லுபடியாகிறதே என்று கேட்கலாம். செல்லுபடியாகும். இரண்டாம் கட்ட முற்றும் வகை எம்.எஸ்.ஸுக்காக (விட்டு விட்டு வந்த நோய் பின்னாளில் தொடர்ந்து மோசமாகிக்கொண்டே போகும் வகை) சிபோனிமாட் மருந்தைச் சோதித்த எக்ஸ்பாண்ட் ஆய்வில் 1,600க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் மருந்து எடுத்த குழுவுக்கும் எடுக்காத குழுவுக்கும் எஸ்.டி.எம்.டி.யில் இருந்த சராசரி வித்தியாசம் 2 புள்ளியைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். நூற்றுக்கணக்கானவர்களின் சராசரி எடுக்கும்போது ஒருவரின் தற்செயல் ஏற்றமும் இன்னொருவரின் தற்செயல் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், சிறு வித்தியாசம் துலங்கும். ஒரே ஒருவரிடம் அந்த வசதி இல்லை.

இதுவரை: ஒரு தேர்வு எண்ணுக்குத் தள்ளாட்டமும் உண்டு, பழக்கத்தால் வரும் ஏற்றமும் உண்டு. இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதே மாற்றம். குழுவுக்குப் போதுமான அளவு தனி நபருக்குப் போதாது.

யாரோடு ஒப்பிடுவது

அறிக்கையில் "நார்மல்" என்று எழுதியிருந்தால், அதே வயதும் அதே படிப்பும் உள்ள ஆரோக்கியமானவர்களின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொன்னது அது. பொதுவாகச் சராசரியிலிருந்து 1.5 திட்ட விலக்கத்துக்கும் கீழே போனால் குறைபாடு என்பார்கள். நூறு ஆரோக்கியமானவர்களில் கடைசி ஏழு பேர் இருக்கும் இடம் அது.

இதில் ஒரு பொத்தல் இருக்கிறது. ஒருவர் நோய்க்கு முன் 70 வாங்கக்கூடிய ஆள், அவர் வயதுக்குச் சராசரி 55 என்று வையுங்கள். அவர் 56க்கு இறங்கிவிட்டார். 14 புள்ளி போய்விட்டது. அறிக்கையில் "நார்மல்" என்றுதான் வரும். அவரோ வேலையில் சமாளிக்க முடியாமல் திண்டாடுவார், "எல்லாம் மனப்பிரமை" என்ற பேச்சையும் கேட்டுக்கொள்வார். எதிர்ப்பக்கமும் உண்டு. எப்போதுமே 38 வாங்கியவர் இன்றும் 38 வாங்கினால் குறைபாடு என்று எழுதப்படலாம், மாற்றம் துளியும் இல்லாமல்.

ஆகவே நோய் கண்டுபிடித்த புதிதிலேயே, நிலை சீராக இருக்கும்போது ஓர் அடிப்படை அளவு எடுத்து வைப்பது அவசியம். ஐந்து வருடம் கழித்துப் பிரச்சினை வந்ததும் எடுத்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. அளவுகள் பல சேர்ந்த பிறகு வயதையும் கணக்கில் வைக்க வேண்டும். இந்த வேகம் எல்லோருக்குமே வயதோடு குறைகிறது. 40 வயதில் வாங்கியதை 55லும் வாங்கவில்லை என்பதற்கு எம்.எஸ்.ஸை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

குறைந்தது நிஜம், ஆனால் காரணம் வேறு

எம்.எஸ். திடீரெனத் தீவிரமாகும் காலத்துக்கு ரிலாப்ஸ் என்று பெயர். அப்போது மதிப்பெண் இறங்கும், பிறகு ஓரளவாவது மீளும். கை கால் அறிகுறி எதுவுமின்றி அறிதிறன் மட்டும் சரியும் ரிலாப்ஸும் உண்டு. ரிலாப்ஸுக்கு நரம்பு வழியே அதிக அளவில் ஏற்றும் மெத்தில் பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு நினைவாற்றலைத் தற்காலிகமாகக் குறைக்கும். அதனால் அந்தச் சமயத்தில் எடுத்த எண்ணை அடிப்படையாக வைக்கக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று மாதம் விட வேண்டும்.

உடல் சூடேறினால் எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாக மோசமாகும். ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890ல் இதைப் பதிவு செய்தார். மே மாத மதியத்தில் பஸ் பிடித்து வேர்த்து விறுவிறுத்து வந்தவரை உடனே உட்கார வைத்துச் சோதித்தால் கிடைப்பது வெயிலின் எண்ணும் சேர்ந்தது. சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் இதே வேலையைச் செய்யும். தூக்கமின்மை, மனச்சோர்வு, எம்.எஸ்.ஸின் அசதி ஆகியவற்றைச் சொல்லவே வேண்டாம்.

பலர் தவறவிடுவது மாத்திரைகளை. சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென், நரம்பு வலிக்கான கேபாபென்டின், தூக்கத்துக்கான குளோனாசிபாம் இவையெல்லாம் மூளையை மந்தமாக்கக் கூடியவை. இரண்டு தேர்வுகளுக்கு இடையில் இவற்றில் ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிலவற்றை, குறிப்பாக பேக்லோஃபெனையும் குளோனாசிபாமையும், திடீரென நிறுத்தினால் வலிப்பு வரை போகும்.

"எனக்கு மறதி அதிகமாகிவிட்டது" என்று நோயாளி சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? அலட்சியம் செய்யக் கூடாது, அதையே அளவீடாகவும் கொள்ளக் கூடாது. நோயாளியின் சொந்த மதிப்பீடு தேர்வு எண்ணைவிட மனச்சோர்வோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கூடவே இருப்பவர் சொல்வது தேர்வு எண்ணுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். அதனால்தான் எம்.எஸ்.என்.கியூ. என்ற 15 கேள்விப் படிவத்தை நோயாளிக்கு ஒன்று, வீட்டாருக்கு ஒன்று என இரண்டாகத் தருகிறார்கள்.

பத்து வருடம் பார்த்தவர்கள் கண்டது

இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் மரியா பியா அமாட்டோவின் குழு, நோய் தொடங்கி அதிக காலம் ஆகாத 45 பேரைப் பத்து ஆண்டு தொடர்ந்து சோதித்து 2001ல் முடிவுகளை வெளியிட்டது. ஆரோக்கியமானவர்களையும் கூடவே மறுபடி மறுபடி சோதித்தார்கள். பயிற்சி விளைவைக் கழிக்க அதுதான் நேர்மையான வழி. அறிதிறன் கெடாமல் இருந்தவர்கள் தொடக்கத்தில் 74 சதவீதம், நாலரை ஆண்டில் 51, பத்தாம் ஆண்டில் 44. சரிவு மெதுவானது, எல்லோருக்கும் வருவதுமில்லை.

இத்தகைய நீண்ட ஆய்வுகளைப் படிக்கும்போது பாதியில் வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். மோசமானவர்கள்தான் அதிகம் விலகுவார்கள், மிஞ்சியவர்களின் சராசரி நன்றாகத் தெரியும். "கெட்டது, கெடவில்லை" என்று இரண்டாகப் பிரித்து எண்ணும் ஆய்வுகளில் இன்னொரு தொல்லை. கோட்டுக்கு அருகில் இருப்பவர் 2 புள்ளித் தள்ளாட்டத்திலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருவார்.

கிளினிக்கில் கேட்டு வாங்க வேண்டியது

நிபுணர்கள் 2018ல் வெளியிட்ட பரிந்துரை, சீரான நிலையில் ஓர் அடிப்படைச் சோதனை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை எஸ்.டி.எம்.டி. அல்லது அதற்கு இணையான ஒன்று என்கிறது. சிறுவர்களுக்கும் 8 வயதிலிருந்து இது பொருந்தும். அறிக்கையில் "நார்மல்" என்ற சொல்லோடு விடாமல் கச்சா மதிப்பெண்ணையும் (சரியாகச் சொன்னவற்றின் எண்ணிக்கை) எழுதி வாங்குங்கள். எந்தத் தாள், வாய்வழியா எழுத்தா, எந்த மொழி, தேதி, நேரம், அன்று எடுத்துக்கொண்டிருந்த மாத்திரைகள், முந்தைய இரவுத் தூக்கம், கடைசி ரிலாப்ஸ் எப்போது என்பதையும் அதே பக்கத்தில் குறித்துவையுங்கள். கூடியவரை அதே நேரத்தில், அதே ஆளிடம் செய்துகொள்வது நல்லது.

டேப்லெட்டில் செய்யும் வடிவங்களும் வந்துவிட்டன. நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அதில் வந்த எண்ணையும் தாளில் வந்த எண்ணையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள். கருவியை மாற்றினால் அன்றிலிருந்து புதிய அடிப்படை அளவு. போனில் தினமும் வீட்டில் பழகிவிட்டுக் கிளினிக்குக்குப் போவதும் வேண்டாம், உங்கள் எண் ஏறும், உங்கள் மருத்துவருக்கு எதுவும் தெரியாமல் போகும்.

சரிவு இரண்டாவது முறையும் உறுதியானால் அடுத்த படி, நரம்பியல் உளவியலாளரிடம் ஒன்றரை மணி நேரமாவது எடுக்கும் முழு மதிப்பீடும், புதிய எம்.ஆர்.ஐ.யும். மருந்தை மாற்றுவதா, வேலை நேரத்தை மாற்றிக் கேட்பதா, மறுவாழ்வுப் பயிற்சியா என்ற பேச்சை அந்த முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.